கடைக்காலைத் தோண்டிப் பார்த்தவர் யார்?

(சட்டம், இதழியல் பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஓர் ஆங்கில உரிச்சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘அன்ஃபவுண்டட்’ என்பது அந்தச் சொல். செய்தி மேசையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது நாள்தோறும் கண்ணில் படுகிற ஒன்று. அமைச்சர் மறுப்பு வெளியிடுகிறார், ஒரு கம்பெனி மறுக்கிறது, காவல்துறை மறுக்கிறது. எல்லா ஆங்கில அறிக்கையிலும் இந்தச் சொல் எங்காவது இருக்கும். நாங்கள் அதை ‘ஆதாரமற்றது’ என்றோ ‘அடிப்படையற்றது’ என்றோ எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேச வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது வெறும் மறுப்புச் சொல்லாக நிற்கவில்லை. காவல் நிலையப் பதிவேட்டில் ஒரு முத்திரையாக இருந்திருக்கிறது. அந்த முத்திரை விழுந்த கோப்பு மூடப்படும். கோப்புக்குள் இருக்கிற பெண் சொன்னது நடக்கவே இல்லை என்று அரசாங்கம் முடிவு கட்டிவிட்டது என்று பொருள்.

சொல்லின் பிறப்பை முதலில் பார்த்துவிடுவோம். அடித்தளம் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது இது. பதினேழாம் நூற்றாண்டில் மில்டன் தன்னுடைய ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் இதைக் கையாண்டிருக்கிறார். அங்கே இது பொய்யைக் குறிக்கவில்லை, அடியே காணமுடியாத பெரும் பாழைக் குறிக்கிறது. பிறகு மெல்ல மெல்ல அந்தச் சொல் பள்ளத்தை விட்டு மனிதர்களின் பேச்சுக்கு வந்து சேர்ந்தது. இன்று ஒரு குற்றச்சாட்டுக்கோ அச்சத்துக்கோ வதந்திக்கோ முன்னால் நின்று, ‘இதற்குக் கீழே ஒன்றும் இல்லை’ என்கிறது.

நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் அடித்தளத்தைக் கடைக்கால் என்பார்கள். ஒரு வீட்டுக்குக் கடைக்கால் இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் மண்ணைத் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். தெருவில் நின்று சுவரைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல முடியாது. சுவரில் விரிசல் இருக்கிறது, சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, வீட்டுக்காரர் ஏழை, இவையெல்லாம் கடைக்காலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான். ‘அடிப்படையற்றது’ என்பது தேடி முடித்தவர் மட்டும் சொல்லக்கூடிய சொல். தேடாதவர் அதைச் சொன்னால், அந்தக் கூற்றுக்குத்தான் அடிப்படை இல்லை.

ஆங்கிலத்தில் இதற்குப் பக்கத்துவீட்டுச் சொற்கள் பல உண்டு. ‘அன்ப்ரூவன்’ என்றால் இன்னும் நிரூபிக்கப்படாதது. ‘அன்வெரிஃபைட்’ என்றால் யாரும் இன்னும் சரிபார்க்காதது. ‘அன்சப்ஸ்டான்ஷியேட்டட்’ என்றால் சொன்னவர் போதிய சான்று தரவில்லை. ‘ஃபால்ஸ்’ என்றால் பொய், அல்லது தவறு. இவற்றில் முதல் மூன்றும் நம் அறிவின் நிலையைச் சொல்கின்றன. ‘அன்ஃபவுண்டட்’ அவற்றைத் தாண்டி, நடந்ததைப் பற்றியே தீர்ப்புச் சொல்கிறது. இத்தனை தூரம் விலகி நிற்கிற சொற்களை நாம் தமிழில் ‘ஆதாரமற்றது’ என்ற ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். ‘நிரூபிக்கப்படாத’, ‘உறுதி செய்யப்படாத’ என்ற நல்ல சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அவசரத்தில் அவற்றை எடுப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2008 ஆகஸ்ட். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு வடக்கே லின்வுட் என்று ஒரு சிறு நகரம். வளர்ப்புக் குடும்பங்கள் பலவற்றில் மாறி மாறி வளர்ந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, முதன்முதலாகத் தனக்கென்று ஒரு குடியிருப்பில் வாழத் தொடங்கியிருந்தாள். விடியற்காலையில் கத்தியுடன் ஒருவன் உள்ளே புகுந்து, கைகளைக் கட்டி, அவளை வன்கொடுமை செய்தான். படமும் எடுத்தான். அவள் காவல்துறையை அழைத்தாள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். ஒரு முறை சொன்னதற்கும் மறுமுறை சொன்னதற்கும் சிறு வேறுபாடுகள் இருந்தன. அவளை வளர்த்தவர்களில் ஒருவருக்கு ஐயம் வந்தது. பெண் அழவில்லையே, இவ்வளவு அமைதியாகப் பேசுகிறாளே என்று. அந்த ஐயம் காவலர் காதுக்குப் போனது. அதன் பிறகு விசாரணை திசை மாறியது. புகுந்தவனைத் தேடுவதை விட்டுவிட்டு அவளையே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். நெருக்கினார்கள். நடக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தாள். பிறகு திரும்ப வந்து, ‘இல்லை, நடந்தது’ என்றாள். பொய் கண்டறியும் கருவியில் தோற்றால் சிறை என்று மிரட்டியதும் மீண்டும் பின்வாங்கினாள். கோப்பில் ‘அன்ஃபவுண்டட்’ விழுந்தது. அதோடு விடவில்லை. பொய்ப்புகார் கொடுத்ததாக அவள்மேல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றச் செலவுக்கு 500 டாலர் கட்டச் சொன்னார்கள்.

இரண்டரை ஆண்டு கழிந்தது. வெகு தொலைவில் கொலராடோ மாநிலம். அங்கே கோல்டன் நகரத்தில் ஸ்டேஸி கால்பிரைத் என்ற துப்பறியும் பெண் அதிகாரியிடம் ஒரு வன்கொடுமைப் புகார் வந்தது. பக்கத்து வெஸ்ட்மின்ஸ்டரில் எட்னா ஹென்டர்ஷாட் என்ற இன்னொரு பெண் அதிகாரியிடமும் அதே மாதிரி ஒரு புகார் இருந்தது. இருவரும் கோப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒரே முறை, ஒரே ஆள். 2011 பிப்ரவரியில் அவனைப் பிடித்தார்கள். அவனுடைய கருவிகளிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தபோது, கொலராடோவில் யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணின் முகம் இருந்தது. அவளுடைய பழகுநர் உரிமம் அவள் உடம்பின்மேல் வைக்கப்பட்டிருந்தது. அதில் பெயரும் முகவரியும் இருந்தன. லின்வுட்.

புகுந்தவனுக்குக் கொலராடோ நீதிமன்றம் 327 ஆண்டுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. லின்வுட் நகரம் அந்தப் பெண்ணுக்கு 1,50,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 500 டாலரும் திரும்பிவந்தது. 2015 டிசம்பரில் ப்ரோபப்ளிகாவும் மார்ஷல் ப்ராஜெக்டும் சேர்ந்து இதை வெளியிட்டன. எழுதியவர்கள் டி. கிறிஸ்டியன் மில்லரும் கென் ஆம்ஸ்ட்ராங்கும். மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. உங்களில் பலர் இதைத் தழுவிய நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கட்டுரையில் ஒரு கணக்கு உண்டு. 2008 முதல் 2012 வரை லின்வுட் காவல்துறை தன்னிடம் வந்த வன்கொடுமைப் புகார்களில் 21.3 விழுக்காட்டை அடிப்படையற்றவை என்று முடித்திருந்தது. அதே அளவுள்ள நகரங்களின் தேசிய சராசரி 4.3. ஐந்து மடங்கு வித்தியாசம். லின்வுட் பெண்கள் மற்ற ஊர்ப் பெண்களைவிட ஐந்து மடங்கு பொய் சொல்கிறவர்கள் என்று யாராவது சொல்வார்களா? அந்த எண் பெண்களைப் பற்றி எதையும் காட்டவில்லை. தேடியவர்கள் எப்படித் தேடினார்கள் என்பதைக் காட்டுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2008 அக்டோபரில், அந்தப் பெண்ணின் புகாரை மூடிய சில வாரங்களில், பக்கத்தில் கிர்க்லாண்ட் என்ற ஊரில் 63 வயது அம்மையார் ஒருவரை அவனே தாக்கினான். தவறாகப் போட்ட முத்திரை அந்த அம்மையாரையும் பாதித்தது. வெளியே நடமாடிய ஒருவனுக்கு அந்த முத்திரை கொடுத்த அவகாசம் அது.

இது ஓர் ஊரின் கதை. ஒரு நாடு முழுவதும் இப்படி இருக்குமா என்று கனடாவில் ஒரு நிருபர் கேட்டார். ராபின் டூலிட்டில், ‘குளோப் அண்ட் மெயில்’ நாளிதழ். ஒவ்வொரு காவல்துறைக்கும் தகவல் கேட்டு மனுப்போட்டார்கள். பெரிய துறை, சிறிய துறை, கிராமத்துத் துறை என்று எதையும் விடவில்லை. எண்ணூற்றுக்கும் மேற்பட்ட இடங்களின் எண்களைச் சேர்க்க ஏறக்குறைய இருபது மாதம் ஆனது. 2017 பிப்ரவரியில் வெளியான அந்தத் தொடருக்கு அவர்கள் வைத்த பெயர் இன்று நாம் பேசுகிற சொல்தான், ‘அன்ஃபவுண்டட்’.

2010 முதல் 2014 வரை கனடாவில் காவல்துறைக்கு வந்த பாலியல் தாக்குதல் புகார்களில் ஐந்தில் ஒன்று, துல்லியமாகச் சொன்னால் 19.39 விழுக்காடு, அடிப்படையற்றவை என்று மூடப்பட்டிருந்தது. சாதாரண அடிதடிப் புகார்களில் அது 10.84. ஊருக்கு ஊர் வேறுபாட்டைப் பார்த்தால் இன்னும் திகைப்பாக இருக்கும். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில் பாதிக்கு மேல். டொராண்டோவில் 7. வின்னிபெக்கில் 2. ஒரே நாடு, ஒரே குற்றவியல் சட்டம். ஓர் ஊரில் இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னது நடக்கவே இல்லை, இன்னோர் ஊரில் ஐம்பதில் ஒருத்தி சொன்னது மட்டும்தான் நடக்கவில்லை. பொய்ப்புகார்களைக் கொண்டு இதை விளக்க முடியாது. பொய்ப்புகார்கள் பற்றி உலகில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுவது 2 முதல் 10 விழுக்காடு வரை.

கனடாவின் விதி தெளிவாகவே இருந்தது. குற்றம் நடக்கவும் இல்லை, முயற்சிக்கப்படவும் இல்லை என்று விசாரணையில் தெரிந்தால் மட்டுமே அந்த முத்திரை. சான்று போதவில்லை என்றால் வேறு குறியீடு. புகார் கொடுத்தவர் வழக்கை மேலே கொண்டுபோக விரும்பவில்லை என்றால் வேறு குறியீடு. நடைமுறையில் என்ன ஆயிற்று? குடித்திருந்தாள், நினைவு சரியாக இல்லை, உடனே வந்து சொல்லவில்லை, இவற்றையெல்லாம் காரணமாக வைத்து, நிரூபிக்கக் கடினமான புகார்கள் நடக்காத புகார்களாக மாறின. மாற்றியவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மூடிய கோப்பு நிலுவையில் சேராது. தீராத வழக்குகளின் எண்ணிக்கை குறைந்தால் மேலதிகாரிக்கு மகிழ்ச்சி. அந்த வசதி ஒன்றே போதும். தேசியப் புள்ளிவிவர நிறுவனம் இந்த எண்களை வெளியிடுவதையே பல ஆண்டுகளாக நிறுத்தியிருந்தது. எண் வெளியே வராத இடத்தில் யாரும் கேள்வி கேட்க முடியாது.

தொடர் வந்தபிறகு நடந்தவை எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகின்றன. 37,000க்கும் மேற்பட்ட பழைய கோப்புகளை மறுபடி பார்ப்பதாகக் காவல்துறைகள் அறிவித்தன. புள்ளிவிவர நிறுவனம் எண்களை மீண்டும் வெளியிட்டது. 2016-இல் 19 விழுக்காடாக இருந்தது 2017-இல் 14 ஆனது. ஒரே ஆண்டில் கனடியப் பெண்கள் திருந்திவிடவில்லை. முத்திரை போடுகிற கை கொஞ்சம் தயங்கத் தொடங்கியது. 2019-இலிருந்து குறியீட்டு விதியையும் மாற்றினார்கள். குற்றம் நடக்கவில்லை என்று காட்ட நம்பகமான சான்று இல்லாதவரை, புகார் நடந்ததாகவே பதிவில் நிற்கும். தேடாமல் மூடுவதற்கு இருந்த வாசலை விதி அடைத்தது.

கனடாவுக்கு வழிகாட்டியது அமெரிக்காவின் பிலடெல்பியா. அங்கே 1999-இல் ‘இன்குவையரர்’ நாளிதழ், பாலியல் புகார்கள் ‘ஆள் குறித்த விசாரணை’ என்ற குற்றமல்லாத ஒரு குறியீட்டில் ஆண்டுக்கணக்காகப் புதைக்கப்பட்டிருந்ததை வெளிக்கொண்டுவந்தது. ஆணையர் ஜான் டிமோனி பழைய கோப்புகளைத் தோண்டச் சொன்னார். ஏறக்குறைய 2,000 கோப்புகள். அவற்றில் நூற்றுக்கணக்கானவை உண்மையில் வன்கொடுமை வழக்குகள். பிறகு அவர் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். காவல்துறையைக் கடுமையாகக் குறை சொல்லிக்கொண்டிருந்த பெண்ணுரிமைச் சட்ட அமைப்பையே உள்ளே அழைத்தார். ‘விமன்ஸ் லா ப்ராஜெக்ட்’ அமைப்பின் கேரல் டிரேசியும் பிற அமைப்பினரும் ஆண்டுதோறும் காவல் அலுவலகத்தில் உட்கார்ந்து, அடிப்படையற்றவை என்று மூடிய கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். சாட்சியைக் கேட்டீர்களா? மருத்துவ அறிக்கை எங்கே? இந்தப் பெண்ணிடம் இப்படி ஒரு கேள்வியை ஏன் கேட்டீர்கள்? அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டும். தன் கோப்பை வெளியாள் ஒருவர் படிப்பார் என்று தெரிந்தால், எழுதுகிறவர் கவனமாக எழுதுவார். இதற்குப் பெரிய செலவும் இல்லை, புதிய சட்டமும் தேவையில்லை.

பிரிட்டனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே அப்போது குறியீட்டின் பெயர் ‘நோ கிரைம்’ என்று இருந்தது. 2014-இல் காவல்துறைக் கண்காணிப்பகம் அப்படி மூடிய 3,246 முடிவுகளைச் சரிபார்த்தது. 664 தவறானவை. அவற்றில் 200க்கும் மேற்பட்டவை வன்கொடுமைப் புகார்கள்.

இந்த ஐயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்கிறோம். தலைமை நீதிபதி மேத்யூ ஹேல் 1676-இல் இறந்தார். அறுபது ஆண்டு கழித்து, 1736-இல் அச்சான அவருடைய சட்ட நூலில் ஒரு கருத்து உண்டு. வன்கொடுமைக் குற்றச்சாட்டைச் சுமத்துவது எளிது, நிரூபிப்பது கடினம், சுமத்தப்பட்டவர் குற்றமற்றவராக இருந்தாலும் தற்காத்துக்கொள்வது அதைவிடக் கடினம் என்பது அதன் சாரம். அமெரிக்க நீதிமன்றங்கள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை இந்த எச்சரிக்கையை ஜூரிகளுக்குப் படித்துக்காட்டினார்கள். இதே ஹேல்தான் 1662-இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரில் இரண்டு மூதாட்டிகளைச் சூனியக்காரிகள் என்று தூக்கிலிட வழிவகுத்த விசாரணைக்குத் தலைமை தாங்கியவர். எந்தக் குற்றச்சாட்டுக்கு அடிப்படை கேட்க வேண்டுமோ அதற்குக் கேட்கவில்லை. மனைவியை வன்கொடுமை செய்த குற்றம் கணவன்மேல் வராது என்ற விதிக்கும் அவருடைய நூலே மூலம். அந்த விதிவிலக்கு நம் பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. புதிய பாரதிய நியாய சம்ஹிதாவிலும் இருக்கிறது. எங்கோ பழைய இங்கிலாந்தில் பிறந்த ஐயம் நம் வீட்டுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் புகார் எப்படி மூடப்படுகிறது? சட்டம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையில் குற்றப்பத்திரிகை இல்லாமல் முடிகிற வழக்குகளுக்குத் தனித்தனிப் பத்திகள் உண்டு. பொய் என்று முடிந்தவை ஒரு பத்தி. பொருண்மைப் பிழை, சட்டப் பிழை, அல்லது உரிமையியல் தகராறு என்று முடிந்தவை ஒரு பத்தி. உண்மைதான், ஆனால் சான்று போதவில்லை அல்லது துப்புக் கிடைக்கவில்லை என்று முடிந்தவை இன்னொரு பத்தி. அட்டவணையைப் போட்டவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். மூன்றையும் பிரித்திருக்கிறார்கள். நம் ஊர்க் காவல் நிலையங்களில் ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்பது அன்றாடப் பேச்சு. “எம்.எஃப். போட்டு முடிச்சாச்சு” என்பார்கள். பொருண்மைப் பிழை என்றால் புகார் கொடுத்தவர் பொய்யர் என்று பொருளில்லை. பொய்ப்புகார் என்று சொல்ல வேண்டுமானால், பொய் என்று தெரிந்தே கொடுத்தார் என்று காட்ட வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தின் 182, 211 பிரிவுகளும் இன்றைய 217, 248 பிரிவுகளும் அதைத்தான் கேட்கின்றன. தொலைக்காட்சி விவாதத்துக்கு வரும்போது மூன்று பத்தியும் கலந்து, ‘இத்தனை விழுக்காடு பொய்’ என்று ஆகிவிடுகிறது.

நீதிமன்றத்திலேயே இது நடந்திருக்கிறது. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுவதாகச் சொல்லி, கைதுக்கு முன் அனுமதியும் வழக்குப் பதிவுக்கு முன் ஆரம்ப விசாரணையும் வேண்டும் என்றது. அதற்குத் துணையாகக் காட்டப்பட்டவற்றில் இந்தக் காப்பக எண்களும் இருந்தன. ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது, உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய நெறிமுறைகளைத் திரும்பப் பெற்றது. விடுதலையில் முடிகிற வழக்கு எல்லாம் பொய்வழக்கு ஆகாது, விசாரணையின் குறை, சாட்சிகளின் அச்சம் எல்லாம் அதில் இருக்கின்றன, ஒரு சமூகமே சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தும் என்று முன்கூட்டியே எண்ணுவதற்கு இடமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் நிலை. நிரூபிக்கப்படாததற்கும் நடக்காததற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நம் நாட்டில் யாரும் சொல்லவில்லை என்பது என் கருத்து.

வாச்சாத்தியைச் சொல்லாமல் இந்தப் பேச்சை நான் முடிக்க முடியாது. 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு பழங்குடிக் கிராமம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் நுழைந்தன. வீடுகளை இடித்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், பதினெட்டுப் பெண்களை வன்கொடுமை செய்தார்கள். 90 பெண்களும் 28 குழந்தைகளும் சிறைக்குப் போனார்கள். செய்தி வெளியே வந்தபோது அரசுத் தரப்பின் பதில் மறுப்பு. சந்தனக் கடத்தல்காரர்கள் கட்டிய கதை என்ற பேச்சு. ஊருக்குள் போய்ப் பார்க்காமலே சொல்லப்பட்ட பேச்சு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஓயவில்லை. கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். தேசிய பட்டியல் சாதி, பழங்குடி ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995-இல் விசாரணை சிபிஐயிடம் போனது. 269 பேர் மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், இடையில் இறந்துபோன 54 பேர் நீங்கலாக உயிரோடிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்றது. ஒருவர்கூட விடுபடவில்லை. அதே செப்டம்பர் 29, 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து தண்டனையை உறுதிசெய்தது. நீதிபதி பி. வேல்முருகன் தீர்ப்புக்கு முன் வாச்சாத்திக்கே நேரில் போய்வந்தார். முப்பத்தொரு ஆண்டு. கதை கட்டியவர்கள் என்று அழைக்கப்பட்ட பெண்களில் பலர் அதற்குள் பாட்டிகளாகிவிட்டார்கள்.

அப்படியானால் இந்தச் சொல்லையே தூக்கிப்போட்டுவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். உண்மையிலேயே அடிப்படையில்லாத பேச்சு உயிரைக் குடிக்கும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த சென்னை அம்மா ஒருவரை, பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து ஊரார் அடித்துக் கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் பரவிய பேச்சு. அந்தச் செய்திகளுக்கு அடிப்படையே இல்லை என்று காவல்துறை ஒலிபெருக்கி வைத்துச் சொன்னது. அங்கே அந்தச் சொல்லை இன்னும் உரக்கவும் இன்னும் முன்பாகவும் சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2020 அதிபர் தேர்தல் களவாடப்பட்டது என்ற பேச்சு எழுந்தபோது, அந்நாட்டுப் பத்திரிகைகள் செய்தியிலேயே ‘பேஸ்லெஸ்’ என்று எழுதத் தொடங்கின. அந்தச் சொல் சரியென்று எப்படி உறுதியானது? அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் நீதிமன்றங்களுக்குப் போயின, ஏறக்குறைய எல்லாமே தோற்றன. ஜார்ஜியா மாநிலத்தில் ஏறத்தாழ ஐம்பது லட்சம் வாக்குச்சீட்டுகளைக் கையால் எண்ணிப் பார்த்தார்கள். வாக்கு எந்திரக் கம்பெனியான டொமினியன் போட்ட அவதூறு வழக்கில், ஃபாக்ஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. சீட்டுச் சீட்டாக எண்ணியும் நிலைத்து நின்ற உரிச்சொல் அது. யாரும் அதை ஐயத்தாலோ வெறுப்பாலோ எழுதவில்லை. லின்வுட்டில் ஒரு பெண்ணின் முகபாவத்தைப் பார்த்து எழுதிய அதே பொருளுள்ள சொல்லுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்கள் உணர வேண்டும்.

இதழியல் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மறுப்பு அறிக்கையில் ‘ஆதாரமற்ற குற்றச்சாட்டு’ என்று வந்தால், சொன்னவர் பெயரோடு மேற்கோள் குறிக்குள் போடுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் அதை எழுதும் முன், யார் விசாரித்தார்கள், எதைப் பார்த்தார்கள், யாரிடம் பேசினார்கள் என்ற வரி உங்கள் செய்தியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘மறுத்தார்’ என்பது போதும். ‘புகாரில் உண்மையில்லை எனப் போலீசார் தெரிவித்தனர்’ என்று எழுதும்போது, எந்தப் பத்தியில் மூடினார்கள் என்று நிலைய அதிகாரியிடம் கேளுங்கள். பொய்யா, பொருண்மைப் பிழையா, சான்று போதவில்லையா? பெரும்பாலும் பதில் மூன்றாவதாக இருக்கும்.

சட்ட மாணவர்களுக்கு இன்னும் நேரடியான வேலை இருக்கிறது. புகாரை மேல்நடவடிக்கை இல்லாமல் முடித்தால், காவல்துறை புகார்தாரருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நம் நீதிமன்றங்களில் ‘ஆர்.சி.எஸ். நோட்டீஸ்’ என்று சொல்கிற தாள் அது. 1985-இல் பகவந்த் சிங் வழக்கில், புகார்தாரருக்குத் தகவல் சொல்லி அவர் பேச்சைக் கேட்காமல் மாஜிஸ்திரேட் வழக்கை முடிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாற்பது ஆண்டு ஆகிவிட்டது. ஆனாலும் அந்தத் தாளைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, அலமாரியில் வைத்துவிட்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிற குடும்பங்கள் நம் கிராமங்களில் எத்தனையோ உண்டு. முடியவில்லை. அதை எதிர்த்து மனுப்போடலாம். மாஜிஸ்திரேட் மேல்விசாரணைக்கு உத்தரவிடலாம், போலீஸ் அறிக்கையை ஏற்காமல் தானே வழக்கை எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் யாராவது அந்தத் தாளோடு வந்தால் வாங்கிப் படியுங்கள். எந்தச் சாட்சியை விசாரித்ததாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அந்தச் சாட்சியின் வீட்டுக்குப் போய் உண்மையிலேயே யாராவது வந்தார்களா என்று கேளுங்கள். கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், எதிர்ப்பு மனுவின் முதல் பத்தி அங்கேயே கிடைத்துவிடும்.